நடையும் எடையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

இன்னும் சிறிது நேரத்தில் நாடகம் தொடங்கவிருக்கிறது. சமையற் கூடத்திலிருந்து பாலடைப் பாயசத்தின் மணமும் வந்துகொண்டிருக்கிறது. இந்த வேளையில் எடைக் குறைப்பைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் நம்மைப் பணித்திருக்கின்றனர். விருந்துக்கு முன்னர்ப் பேசுவதா, பின்னர்ப் பேசுவதா என்று கேட்டோம். முன்னரே பேசிவிடுங்கள், பின்னர்ப் பேசினால் யாரும் விழித்திருக்கமாட்டார்கள் என்று விடை வந்தது.

நம் குடியிருப்பில் ஆண்டுதோறும் நிகழும் ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறோம். சனவரி முதல் வாரத்தில் விடியற்காலையிலேயே குடியிருப்புச் சாலையில் திருவிழாக் கூட்டம் போலப் பலர் நடப்பதைக் காணலாம். புதிய காலணி, தலையில் குல்லாய், கையில் அடிகளை எண்ணும் கடிகாரம்! பொங்கல் கழியும்போது அக்கூட்டம் பாதியாகும். மாசி பிறக்கையில் நான்கைந்து பேரே எஞ்சுவர். விட்டவர்களை வினவினால் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: “ஒரு மாதம் விடாமல் நடந்தோம் ஐயா. எடைப்பொறியின் முள் அசையவே இல்லை. பிறகு எதற்கு?”

இந்தப் ‘பிறகு எதற்கு’ என்னும் கேள்விக்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம். நாம் மருத்துவரல்லோம். பள்ளியிறுதி வகுப்பு வரை பயின்று, இருபதாண்டுக்கு மேலாகக் கணக்கேட்டோடு உழலும் இரயில்வே எழுத்தர். ஆனால் கேள்வியே ஒரு கணக்குப் பற்றியதாக இருப்பதால், எழுத்தன் பேசுவதில் பிழையில்லை என்று துணிந்தோம்.

இக்காலத்தார் ‘கார்டியோ’ என்று சொல்வது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை தரும் பயிற்சியையே ஆகும். விரைந்த நடை, ஓட்டம், மிதிவண்டி, நீச்சல், கயிறு தாண்டுதல் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். அமெரிக்க விமானப்படை மருத்துவராயிருந்த கென்னத் கூப்பர் 1968ஆம் ஆண்டில் ‘ஏரோபிக்ஸ்’ என்னும் நூலை வெளியிட்ட பின்னரே, இது தனியொரு பயிற்சி முறையாக உலகெங்கும் பேர்பெற்றது. கருவி ஏதும் வேண்டுவதில்லை. நடக்கும்போது அருகில் வருபவரோடு பேச முடியவேண்டும். ஆனால் பாட முடியாதபடி மூச்சு வாங்கவேண்டும். அதுவே நடுத்தர வேகம் என்பதற்கு அளவுகோல். அரசியல் விவாதத்தை முழு மூச்சில் நடத்திக்கொண்டே செல்லக்கூடிய நடை, நட்பை வளர்க்கலாம்; இதயத்தை அது எழுப்புவதில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால், சும்மா அமர்ந்திருந்தால் செலவாவதினும் மிகுதியாக ஏறக்குறைய 175 முதல் 200 கலோரியே செலவாகிறது. நம் பாலக்காட்டுக் கடைத்தெருவில் கண்ணெதிரே வறுத்தெடுத்துத் தரும் நேந்திரங்காய் வறுவல் 50 கிராம், ஏறத்தாழ 250 கலோரி. ஒரு மணி நேரத்து வியர்வையை ஒரு கைப்பிடி வறுவல் ஐந்து நிமிடத்தில் ஈடுசெய்துவிடுகிறது. உடலின் ஒரு கிலோ கொழுப்பில் அடங்கியிருப்பதோ சுமார் 7,700 கலோரி. நாள் தவறாமல் ஒரு மணி நேரம் நடந்து, உணவில் ஒரு பருக்கையும் கூட்டாதிருந்தாலும், மாதம் ஒன்றுக்கு முக்கால் கிலோ குறைந்தால் பெரிது. முள் அசையவில்லை என்று நண்பர்கள் சொன்னது பொய்யன்று.

இதிலும் ஒரு கள்ளக் கணக்கு உண்டு. நடந்து வந்தவர்க்குப் பசி சற்றுக் கூடும். ‘இன்றுதான் நடந்தோமே’ என்று கை இன்னொரு வடையை நோக்கி நீளும். களைப்பினால் பகற்பொழுது முழுதும் சாய்வு நாற்காலியிலேயே கழியும். இங்ஙனம் காலையில் வரவு வைத்ததை மாலைக்குள் உடலே செலவெழுதிவிடுகிறது. வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தில் பெரும்பகுதியை உணவின் அளவுக்கும், முன்னுண்டது செரித்தபின் உண்பதற்குமே ஒதுக்கியிருப்பதை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம்.

பசியும் உழைப்பும் தொடர்பற்றுப் போவதைப் பற்றி நம் நாட்டிலேயே நிகழ்ந்த ஓர் ஆய்வு உண்டு. இது சற்று விரித்துரைக்கத் தக்கது. நம் ஒலவக்கோட்டுக் கோட்டம் அமைந்த அதே 1956ஆம் ஆண்டில் அதன் முடிவுகள் வெளியாயின. ழான் மேயர் என்னும் ஊட்டச்சத்து அறிஞரும் அவருடைய வங்காளத் துணைவரும் மேற்கு வங்கத்துச் சணல் ஆலை ஒன்றைச் சார்ந்த 213 ஆடவரின் உணவையும் எடையையும் உழைப்பையும் அளந்தனர். சுமை தூக்குவோர் முதல் எழுத்தர், கடைக்காரர் வரை எல்லாத் தரத்தினரும் அதில் இருந்தனர். கடுமையாக உழைத்தவர் மிகுதியாக உண்டனர். அதில் வியப்பில்லை. ஓரளவு உழைத்தவர் குறைவாக உண்டனர். அதுவும் முறையே. வியப்பு எங்கே என்றால், நாள் முழுதும் கடையில் அமர்ந்திருந்தவர்கள், ஓரளவு உழைத்தவரைக் காட்டிலும் மிகுதியாக, மூட்டை சுமப்பவருக்கு ஈடாகவே உண்டனர். எடையிலும் அவர்களே முதலிடம் பெற்றனர்! உடல் சிறிதேனும் அசைந்துகொண்டிருக்கும் வரைதான் பசி உழைப்பின் சொற்படி நடக்கிறது. முற்றும் அமர்ந்துவிட்டால் அது கட்டுப்பாடிழந்துவிடுகிறது என்பது மேயரின் முடிவு. ஓர் ஆலை, ஒரு காலம். இதனை வேதவாக்காகக் கொள்ளவேண்டுவதில்லை. பின்னர் வந்த ஆய்வுகள் யாவும் இதனையே வழிமொழிந்தன என்று சொல்வதற்கும் இல்லை. ஆயினும் இதனைப் படித்தபோது நமக்கு நம் குடும்பங்களே கண்முன் நின்றன.

இவ்வவையில் அமர்ந்திருப்பவரில் பலருக்கு மூணாற்றிலும் தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் உறவினர் உண்டு. சிலருடைய பாட்டிமார் அங்கே கூடையைத் தலையில் மாட்டிச் சரிவுகளில் கொழுந்து பறித்தவர்கள். அம்மலையில் ஒரு காலத்தில் இரயிலும் ஓடியது என்பதை இளைஞர்கள் அறிந்திருக்கமாட்டார்கள். 1902இல் ஒற்றைத் தண்டவாளத்தில் தொடங்கி, 1908இல் குறுகிய பாதையாக மாற்றப்பட்ட குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில்வேயை 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் கொண்டுபோயிற்று. அதன்பின் இன்றுவரை இடுக்கி மாவட்டத்துக்கு இரயில் இல்லை. தேயிலையும் மனிதரும் அங்கே சாலையையே நம்பியிருக்கின்றனர். தொழிலாளியோ கால்களையே நம்பியிருந்தார். லயத்திலிருந்து மலைக்காட்டுக்கு ஏறி, நாள் முழுதும் சரிவில் நின்று, நிறைந்த மூட்டையை எடை போடும் இடம் வரை சுமந்து, மாலையில் மீண்டும் இறங்கவேண்டும். அவருடைய தட்டில் குவிந்த சோறு அந்த உழைப்புக்கு நேர் விலை.

அப்பாட்டியின் பேரன் இன்று பாலக்காட்டில் கணினி முன் அமர்ந்திருக்கிறான். ஏற்றம் மின்தூக்கியில், அலுவலகம் ஸ்கூட்டரில், பொழுதுபோக்குக் கைப்பேசியில். சோற்றுக் குவியல் மட்டும் பரம்பரைச் சொத்தாக அப்படியே வந்திருக்கிறது. உபசரிப்பில் நம்மவரை வெல்வார் யார்? ‘இன்னும் கொஞ்சம்’ என்று தாய் இடும் கரண்டியை மறுப்பது குற்றமாகவே எண்ணப்படுகிறது. அன்பைக் குறைக்கச் சொல்லவில்லை. கரண்டியைச் சற்றுச் சிறியதாக்கலாம் என்கிறோம்.

அப்படியானால் நடையினால் எடை குறைவதே இல்லையா? குறைகிறது, மெல்லக் குறைகிறது. 2024ஆம் ஆண்டில் 116 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு தொகுப்பின்படி, உடல் பருத்தவர்கள் வாரத்துக்கு முப்பது நிமிடம் கூடுதலாக இத்தகைய பயிற்சி செய்தால், சராசரியாக அரைக் கிலோவுக்குச் சற்று மேல் எடையும், இடுப்பில் அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேலும் குறைந்தன. வாரத்துக்கு 150 நிமிடத்தை எட்டியவர்களிடமே குறிப்பிடத்தக்க பயன் காணப்பட்டது. இதனைப் பசஞ்சர் வண்டியின் வேகம் என்று சொல்லலாம். எல்லா நிலையத்திலும் நிற்கும். ஆனால் ஊர் போய்ச் சேரும். விரைவு வண்டி வேண்டுவோர் உணவையும் உடன் குறைக்கவேண்டும். குறைத்த எடையைத் திரும்ப ஏறவிடாமல் காப்பதிலோ நடையின் பங்கு பெரிது. அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேடு நடந்துவருகிறது. ஏறக்குறைய 13.6 கிலோவாவது குறைத்து, அதனை ஓராண்டாவது காத்தவர்களே அதில் இடம்பெறுவர். அவர்களில் பெரும்பாலோர் நாள்தோறும் ஒரு மணி நேரமளவு உடலுழைப்பை மேற்கொள்பவர்கள். அவர்கள் மிகுதியாக நாடுவதும் நடையே.

ஆனால் நாம் முதன்மையாகச் சொல்ல வந்தது வேறு. நடையின் வரவை எடைப்பொறியில் தேடுவது, பார்சல் அலுவலகத்தின் வருமானத்தைப் பயணச்சீட்டு அலுவலகத்தின் ஏட்டில் தேடுவதைப் போன்றது. பணம் வந்திருக்கிறது, நாம் புரட்டும் ஏடுதான் வேறு.

இலண்டன் மாநகரில் ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவர் மாடிப் பேருந்துகளில் பணியாற்றுவோரை ஆராய்ந்தார். ஓட்டுநர் பணிநேரம் முழுதும் அமர்ந்திருந்தார். நடத்துநரோ படிகளில் ஏறி இறங்கிக்கொண்டேயிருந்தார். நடத்துநர்க்கு மாரடைப்புக் குறைவு என்று 1953இல் அவர் வெளியிட்டார். ஓட்டுநர் பணிக்கு வருவோர் முன்னமே பருத்தவராயிருந்தால் என்செய்வது என்று ஐயுற்று, நிறுவனம் அவர்களுக்குத் தைத்துத் தந்த சீருடைக் காற்சட்டைகளின் இடுப்பளவையும் தேடிப் பார்த்தார் அம்மனிதர்! 1956இல் அதுவும் வெளிவந்தது. ஓட்டுநர்களின் இடுப்புப் பெரிதாகவே இருந்தது. இருப்பினும் ஒத்த இடுப்பளவுள்ளவரை ஒப்பிட்டபோதும் நடத்துநர்க்கே ஆபத்துக் குறைவாக இருந்தது. பருத்த நடத்துநர்க்கும் படிக்கட்டு உதவியிருக்கிறது என்பதே இதன் பொருள்.

பேருந்துக்காரர் கதை நமக்கெதற்கு என்று இரயில்வே நண்பர்கள் எண்ணவேண்டா. 1962இல் அமெரிக்க இரயில் ஊழியரைப் பற்றியே ஓர் ஆய்வு வெளிவந்தது. எழுத்தர், யார்டில் வண்டிகளைப் பிரித்துச் சேர்ப்போர், தண்டவாளம் பராமரிப்போர் என்று மூன்று பிரிவினரின் இறப்புக் கணக்கை ஒப்பிட்டனர். இதயத் தமனி நோயினால் ஆண்டுக்கு ஆயிரவரில் இறந்தோர், வயது வேறுபாட்டை நீக்கிப் பார்த்தால், எழுத்தரில் 5.7, யார்டுப் பணியாளரில் 3.9, தண்டவாளப் பணியாளரில் 2.8. கேங்மேன் என்று நாம் பன்னெடுங்காலம் அழைத்துவந்த தோழர், வெயிலிலும் மழையிலும் சம்மட்டியோடு நடந்தவர், மின்விசிறியின் கீழ் அமர்ந்திருந்த நம் போன்றோரினும் பாதியளவே இந்நோய்க்கு இரையானார். உடல்நலம் குன்றியோர் மேசை வேலைக்கு மாறிக்கொள்வதும் இவ்வேறுபாட்டுக்கு ஓரளவு காரணமாகலாம் என்பதை மறைக்கவில்லை. எனினும் இவ்வெண்களைப் பார்த்த அன்று முதல், நாம் தேநீரை மேசைக்கு வரவழைப்பதில்லை, சென்று அருந்துகிறோம்.

அயல்நாட்டுச் செய்தி போதும். நம் சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நீரிழிவின் வாயிற்படியில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாக்கினர். அவர்களின் சராசரி வயது நாற்பத்தைந்தை ஒட்டியது. ஒரு பிரிவினர்க்கு நாள்தோறும் அரை மணியேனும் விரைந்து நடக்கவும், சர்க்கரையையும் கொழுப்பையும் மாவுப் பண்டத்தையும் குறைக்கவும் அறிவுரை தந்தனர். மற்றொரு பிரிவினர்க்கு மெட்பார்மின் மாத்திரை. மூன்றாவது பிரிவினர்க்கு இரண்டும். நான்காவது பிரிவினர்க்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும். மூன்றாண்டில் பொது அறிவுரை மட்டும் பெற்றவரில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவு நோயாளர் ஆயினர். நடையும் உணவும் பேணியவரில் 39 பேரே ஆயினர். மாத்திரை உண்டவரில் 40 பேர் அளவு. இரண்டும் மேற்கொண்டவரிலும் ஏறத்தாழ அவ்வளவே.

இதில் நாம் நெஞ்சிற் பதிக்கவேண்டியது ஒன்றுண்டு. நடந்து நலம் பெற்ற அப்பிரிவினரின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை! நம் குடியிருப்பு நண்பர்களைப் போல ஒரு மாதத்தில் எடைப்பொறியைப் பார்த்து மனமுடைந்து அவர்களும் விட்டிருந்தால், அவர்களுள் இன்னும் பலர் நோய்க்கு ஆளாகியிருப்பர். எடை குறையாமல் நோய் எவ்வாறு விலகிற்று? இயங்கும் தசை, இன்சுலினை எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். நின்ற பின்னும் ஒன்றிரண்டு நாள் வரை இன்சுலின் சொல்லுக்குச் செவிசாய்க்கும். ஆகவேதான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் நடையை விடலாகாது என்கின்றனர். வயிற்றினுள் குடலையும் ஈரலையும் சூழ்ந்த கொழுப்பே தீங்கில் முதன்மையானது. நடையினால் அது கரைகையில் எடை மாறாமலே வேட்டி முடிச்சுத் தளரும். இதயமும் ஒரு துடிப்பில் மிகுதியான இரத்தத்தைச் செலுத்தப் பழகி, ஓய்வு வேளையில் நிதானமாக அடிக்கும்.

கேரளத்தில் வாழும் நமக்கு இது ஏட்டுச் செய்தியன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, நீரிழிவு நாடு முழுமைக்கும் நூற்றுக்கு 11.4, கேரளத்திலோ 25.5. வயது வந்தவரில் நால்வரில் ஒருவர்! இவ்வவையில் வரிசைக்கு எட்டு நாற்காலிகள் போடப்பட்டிருக்கின்றன. எண்ணிக்கொள்ளுங்கள்.

தாய்மார்க்கு ஒரு சொல். வீட்டு வேலையே போதும், தனி நடை எதற்கு என்பர் சிலர். அம்மியும் உரலும் கிணற்று வாளியும் இருந்த காலத்தில் அது மெய். மிக்சியும் கிரைண்டரும் குழாயும் வந்தபின் கைகள் ஓய்வு பெற்றன. ஆனால் வேலை நேரம் குறையவில்லை, நிற்கும் நேரமும் குறையவில்லை. மூச்சு வாங்கும் உழைப்பு மட்டுமே போயிற்று. கணவன் காலையில் நடந்து திரும்பும்போது காப்பியும் சிற்றுண்டியும் ஆயத்தமாயிருக்கவேண்டும் என்றால் மனைவி எப்போது நடப்பாள்? இக்கேள்வியை ஆடவர் பக்கம் பார்த்தே கேட்கிறோம். வாரத்தில் மூன்று நாளேனும் காப்பியை நாமே போடக் கற்றுக்கொண்டால் குடி மூழ்கிவிடாது.

எவ்வளவு நடப்பது? உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்தபடி வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம். பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துச் செய்தாலும் கணக்கில் சேரும். இந்தியருக்கு ஆடவர் இடுப்பு 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்டிர் இடுப்பு 80க்குள்ளும் இருத்தல் நலம். எடைப்பொறியை விட்டு அளவு நாடாவை எடுங்கள் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான். நடக்கையில் மார்பில் அழுத்தமோ மயக்கமோ தோன்றினால் அங்கேயே நின்றுவிடுக. மருத்துவரைக் கண்ட பின்னரே மீண்டும் நடை. இன்சுலின் போட்டுக்கொள்பவர் சட்டைப்பையில் சிறிது சர்க்கரை வைத்திருப்பதும், நீரிழிவுள்ளோர் வெறுங்காலில் நடவாமையும் கட்டாயம். முழங்கால் வலியுள்ளவர்க்கு மிதிவண்டி உகந்தது. வயல்களுக்கிடையே மேடுபள்ளம் குறைந்த சாலைகள் இங்கே ஏராளம்.

பங்குனி சித்திரையில் நம்மூர் வெயில் நாற்பது பாகையைத் தொடும். ஆகவே வெயிலேறுமுன் நடையை முடித்துக்கொள்ளவேண்டும். மார்கழியில் கணவாய்க் காற்று எதிரே தள்ளும். அதற்கு எதிராக நடப்பது இலவசமாகக் கிடைக்கும் கூடுதல் பயிற்சி. பிளாட்பாரத்தில் நடக்கலாமே என்று ஒருவர் யோசனை கூறினார். பயணிகளுக்கு இடையூறு; அன்றியும் அதற்குச் சீட்டு வேண்டும். நகரில் இருப்போர் திப்பு கோட்டையைச் சுற்றிக் காலையில் நடப்போர் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளலாம்.

நம் குடியிருப்பினர்க்காகச் செயற்குழு ஓர் ஏற்பாடு செய்துள்ளது. வரும் திங்கள் முதல் காலை 5.30 மணிக்கு ஒரு குழுவும் மாலை 5.30 மணிக்கு ஒரு குழுவும் சங்க வாயிலிலிருந்து புறப்படும். மாலைக் குழு மகளிர்க்கும், இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குவோர்க்கும் ஏற்றது. சங்கத்துக்கு எடைப்பொறி வாங்குவதாக இருந்த தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. மாறாக, அளவு நாடா ஒன்று நூலகப் பொறுப்பாளரிடம் இருக்கும். மூன்று திங்களுக்கொரு முறை அளந்து குறித்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் குடை அவரவர் பொறுப்பு.